பலகை கழுவிய தண்ணீர்

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் அந்தப் பாலைவனத்திலேயே கிடந்து வெந்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். தோள்பட்டை வலி, கை பாதிதான் ஏறுகிறது என்கிறீர்களா, பாதிக் கை போதும். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். இங்கிலீஷில் ஒரு அனுதாப வார்த்தை சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டார்கள். அனுதாபப்பட்டு முடித்துவிடக்கூடிய விஷயமா இது?  அதுவும் இந்த வருடம் நடந்ததற்குப் பிறகு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. அதை வரிசைப்படி சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அல் ஐனில் சந்தைத் தெருவுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தோம். வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். எங்களுடையது தென்கோடிக் கடற்கரை ஊர். பாதி ஊர் ஆண்கள் இப்படி எங்காவது கடை வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வருடம் வாப்பாவின் கூட்டாளி லீவில் போய்விட்டார். கடையைப் பூட்ட முடியாது, ஆகவே எங்களுக்கு ஊர் இல்லை. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிப் பெரிய எழுத்தில் பெயர் எழுதி விமானம் ஏறிவிட்டார்கள். நான் ஒற்றைப் பிள்ளை, வயது பத்து. மாடிப்படியில் உட்கார்ந்து நானே எனக்கு எதிராகப் பல்லாங்குழி ஆடி நானே தோற்றேன்.

ஜன்னல் ஏசியின் உறுமல், அதன் கீழே வாளியில் சொட்டும் தண்ணீர், சாயங்காலம் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பேரீச்சம்பழ வாசனை, எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா வந்ததும் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஊருக்கு அனுப்பக் கேசட்டில் பேசிப் பதிவோம். எல்லோர் வீட்டிலும் அது இருந்ததுதானே. அந்த டேப் ரெக்கார்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

அந்த விடுமுறை தொடங்கிய வாரத்தில் எதிர்வீட்டு ஒற்றை அறைக்கு ஒரு வெள்ளைக்கார நர்ஸ் குடிவந்தாள். அப்படித்தான் காவல்காரர் சொன்னார். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும், அகலமான கன்னம், இரண்டு தங்கப் பல். ரஷ்யாக்காரி என்று கட்டடமே முடிவு கட்டியது. உம்மா அவளைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் காலத்தில் ரஷ்யாக்காரிகளைப் பற்றி நம்மவர்கள் என்னென்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது அந்த ரஷ்யாக்காரி தலையில் முக்காடு இட்டுக்கொண்டு வராந்தாவில் எந்தப் பக்கம் கிப்லா என்று கையால் கேட்டாள். உம்மா சாத்திய கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கிப்லாவைக் காட்டியதோடு தொழுகைப் பாயையும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தொழுது முடித்ததும் அவள் நன்றிக்கு ஒரு கிண்ணத்தில் தேயிலை கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் குடிக்கிற தேநீரையும் தேயிலை என்றுதான் சொல்வோம். பால், வெண்ணெய், மிளகுத்தூள், உப்பு. ஆமாம், உப்பு. நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். உம்மா மட்டும் அசையாமல் முழுக் கிண்ணத்தையும் குடித்து, "ஷுக்ரன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டில் உப்பு மாமி.

உம்மாவுக்கும் உப்பு மாமிக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. உம்மாவுக்குத் தமிழ் மட்டும். மாமிக்கு ரஷ்யன், கொஞ்சம் இங்கிலீஷ், கிளினிக் அரபி. நடுவில் என் இந்தியப் பள்ளிக்கூட இங்கிலீஷ். அவசியப்பட்டால் நான் மொழிபெயர்ப்பேன். அவசியமில்லாதபோது இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து அவரவர் மொழியில் பேசிச் சிரிப்பார்கள். துஆ, பரக்கத், கபர், கிதாப் என்று வேண்டுதல், அருள், கல்லறை, புத்தகம் ஆகியவற்றுக்கான சில சொற்கள் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருந்தன. அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஒரு மணி நேரம் ஓட்டினார்களோ.

ஒரு நாள் நான்தான் கேட்டேன், ரஷ்யன் உங்கள் சொந்த மொழியா என்று. இல்லை என்று தலையை ஆட்டினாள். காஸ்பியன் கடலுக்கு மேற்கே புல்வெளி, அங்கே நோகாய் என்று ஒரு கூட்டம், அவர்களுடைய மொழியும் நோகாய். துருக்கி மொழிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஊரில் இருக்கும் தன் அக்கா பிள்ளைகளே ரஷ்யனில்தான் சண்டை போடுகிறார்கள் என்றாள். பிறகு என் கணக்கு நோட்டை இழுத்து, 'தண்ணீர்' என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லை ரஷ்ய எழுத்தில் எழுதினாள். அடுத்து அதையே ஏபிசிடி எழுத்தில் எழுதினாள். மூன்றாவதாக வெறும் கோடு ஒன்று போட்டுவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டாள்.

அவளுடைய வாப்பா சிறுவனாக இருந்தபோது அவர்கள் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்களாம். ஒரு நாள் அரசாங்கம் அது கூடாது என்று ஏபிசிடி எழுத்தைக் கொண்டுவந்தது. அதை எல்லோரும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு பத்து வருடம் ஆகியிருக்கும், அதுவும் கூடாது, இனி ரஷ்ய எழுத்து என்றது. ஒரே மனுஷர் ஒரே மொழியை எழுத மூன்று தடவை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். மாமி படித்தது மூன்றாவது எழுத்தில். மூன்றாவதாக அவள் போட்ட கோடு, தனக்குத் தெரியாத அந்த முதல் எழுத்துக்காக.

நான் உம்மாவிடம் இதைச் சொன்னேன். உம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, பாவம் என்றாள். அதோடு சரி. அந்த "பாவம்" இப்போது என் காதில் வேறு மாதிரி கேட்கிறது. ஏன் என்று சொல்கிறேன். உம்மா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழ் எழுத்து அவளுக்குச் சரளமாக வராது. ஆனால் ஓதல் பள்ளியில் அரபு எழுத்துகளைத் தண்ணீர்பட்ட பாடாகக் கற்றிருந்தாள். கல்யாணமாகி வாப்பா அக்கரைக்குப் போனபிறகு அவருக்கு அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அரபுத்தமிழ். அரபு எழுத்து, உள்ளே பேசுவது தமிழ். ட, ப, ங என்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு மேலும் கீழும் கூடுதல் புள்ளி வைத்து, எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அப்படி எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட என் உம்மா உப்பு மாமியின் கதையைக் கேட்டுவிட்டுப் பாவம் என்று சொல்லி முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

மாமியின் அறையில் கட்டிலுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பலகை ஆணியில் தொங்கியது. மாவு பிசைகிற பலகை. ஒரு பக்கம் கத்தித் தழும்புகளும் பழைய மாவு வாசனையும். மறு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நெருக்கமாகப் பென்சில் எழுத்து. அரபு எழுத்து. அவளுடைய வாப்பா இறப்பதற்கு முந்தைய மாதம் எழுதி அவள் கையில் கொடுத்தாராம். அப்போது அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, கை மட்டும் இருந்தது. அந்தக் கைக்கு, கடைசியில், சின்ன வயதில் கற்ற முதல் எழுத்துதான் வந்தது.

அவள் இந்த நாட்டுக்கு வேலை தேடிக்கொண்டதே பாதி அந்தப் பலகைக்காகத்தான் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அரபு நாட்டில் எல்லோருக்கும் இந்த எழுத்து தெரியும், யாராவது வாய்விட்டுப் படித்தால் போதும், காதால் கேட்டுத் தான் புரிந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. கெட்டிக்காரக் கணக்குதான். கிளினிக் டாக்டரிடம் காட்டினாள். எழுத்து எங்களுடையது, சொல் எங்களுடையதில்லை, பாதி எழுத்துக்குக் கூடுதல் புள்ளி வேறு இருக்கிறது என்று அவர் இரண்டு வார்த்தை தடுமாறிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காவல்காரரிடம் காட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பட்டாணியக் கிழவர் பலகையை முத்தி, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அடுக்களையில் தன்னோடு தினமும் உட்கார்ந்திருந்த தமிழ்க்காரியிடம் மட்டும் அவள் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றுமா? தமிழ்க்காரிக்கு அரபு எழுத்தோடு என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பாள். கூடுதல் புள்ளி வைத்த எழுத்தைச் சரளமாகப் படிக்கக்கூடியவள் அந்தக் கட்டடத்திலேயே என் உம்மா ஒருத்திதான்.

ஆகஸ்டில் மாமியின் விசா தாள் மாற்ற வேண்டியிருந்தது. விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் சொன்னபடி எல்லைக்கு அந்தப் பக்கம் ஓமானுக்குப் போய்ப் புதுத் தாள் வந்ததும் திரும்ப வேண்டும். புறப்படும்போது பலகையைத் துணியோடு உம்மாவிடம் கொண்டுவந்தாள். எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், இது கண்ணில் படக்கூடாது என்று என்னிடம் சொன்னாள். நான் சொன்னதும் உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரபு நாட்டு எல்லையில் அரபு எழுத்துக்கு என்ன பயம்? மாமி சிரிக்கவில்லை. பலகையை உம்மாவின் கையில் வைத்து அதன்மேல் தன் கையை வைத்து, "அமானத்" என்றாள்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நம் வீடுகளில் அமானிதம் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதை இழந்தவன் மறுமையில் தலைநிமிர முடியாது. உம்மா பிஸ்மி சொல்லி வாங்கி, அலமாரியில் குர்ஆன் இருந்த தட்டில், அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன மாமி வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. வாப்பா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு மருந்து வாங்கி வந்தார். கூடவே கடைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் மத்தியானம் நான் ஏசி ஓட்டையில் ஊர்க் கடலைப் பார்ப்பதாகப் பிதற்றினேனாம். உம்மா தனியாக இருந்தாள். போன் செய்தால் கடையில் யாரும் எடுக்கவில்லை.

ஊரில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? பீங்கான் எழுதிக் கொடுப்பார்கள். லெப்பை வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஆயத்து எழுதுவார். அதைப் பன்னீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். நம்மில் குடிக்காதவர் யார்? ஆனால் அல் ஐனில் எந்த லெப்பையைப் போய்த் தேடுவது? உம்மாவின் கண் அலமாரிக்குப் போயிற்று.

அவள் யோசித்ததை எல்லாம் பிறகு பல தடவை அழுது அழுது சொல்லியிருக்கிறாள், அதனால் எனக்கு மனப்பாடம். பலகையில் எழுதியிருந்தால் அது ஓதல் பலகை. அவளே சின்ன வயதில் பலகையில் எழுதித்தான் ஓதினாள். எழுதியவர் மௌத்தாகப் போகிற நேரத்தில் எழுதிய பெரியவர். அவர் மகள் அதைத் துணி சுற்றி உயரத்தில் வைத்திருந்தாள். வேறென்ன வேண்டும்? வெளுத்ததெல்லாம் பால். அது அமானிதம் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. அழிப்பது அவள் எண்ணமே இல்லை. மையால் எழுதியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டாள். இது பென்சில்.

"பென்சில் எழுத்து தண்ணில போவுமாளா? நீயே சொல்லு. மேலோட்டமா ஒரு கை தண்ணிய ஓடவிட்டுப் புடிச்சா, எழுத்து எழுத்தாவே கெடக்கும், பரக்கத்து மட்டும் தண்ணிக்கு வரும். அப்புடித்தான்ளா நெனச்சேன்."

முதலில் முகம் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துப் படித்தாள். வாய்விட்டு, விரலை ஓட்டி, நிறுத்தி நிறுத்தி. அர்த்தம் புரியவில்லை. அர்த்தம் புரியாமல் ஓதுவது நமக்குப் புதிதா என்ன? ஓதி முடித்து என் நெற்றியில் ஊதினாள். மறுபடியும் முதலிலிருந்து ஓதினாள். வழக்கப்படி ஏழு தடவை. என் காய்ச்சல் மயக்கத்தில் அந்தக் குரல் ஏறி இறங்கியது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. சொல் ஒன்றுமே நினைவில்லை.

பிறகு என் தலைமாட்டிலேயே தாம்பாளத்தை வைத்து, பலகையைச் சாய்த்துப் பிடித்து, பன்னீர் கலந்த தண்ணீரை மேல் விளிம்பிலிருந்து ஊற்றினாள்.

சாம்பல் நிறமாக இருந்த எழுத்துகள் ஊதாவாக எரிந்தன. எரிந்தன என்றுதான் சொல்ல வேண்டும். கத்தரிப்பூ நிறத்தில், ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழே. நான் கண்ணைத் திறந்து பார்த்தது அதைத்தான். உம்மா "யா அல்லாஹ்" என்றாள். கறாமத்து, பெரியவருடைய அற்புதம் என்று அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் கை நிற்கவில்லை, சொம்பு முழுவதும் கவிழ்ந்துவிட்டது. அற்புதத்தைக் கண்ணாரப் பார்த்து முடித்தபோது வரிகள் ஒன்றோடொன்று கலந்து வழிந்து தாம்பாளம் நிறைய ஊதாத் தண்ணீராக இருந்தது. பலகையில் ஒரு ஊதா மேகம்தான் மிச்சம்.

உம்மாவுக்கு அப்போதே மனதில் ஏதோ இடறியிருக்கும். ஆனால் முன்னால் பிள்ளை கொதித்துக் கிடக்கிறது. என்னைத் தூக்கி உட்காரவைத்து, கிண்ணத்தை வாயில் வைத்தாள். கசந்தது. பன்னீர் வாசனையும் மாவு வாசனையும் சேர்ந்து வந்தன. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். நாக்கு, உதடு, சட்டைக் கழுத்து எல்லாம் ஊதா.

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து வேலை செய்திருக்கும். அந்த வீட்டில் அப்போது யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் உப்பு மாமி வந்தாள். வெயிலில் முகம் கன்றியிருந்தது, கையில் எனக்கு ஒரு பொட்டலம் ஓமான் அல்வா. உம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஒங்க வாப்பாட எழுத்து எம் புள்ளய காப்பாத்திட்டு." என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். நான் சொன்னேன். மாமிக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே பலகையை வாங்கித் துணியைப் பிரித்தாள்.

முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். அவள் கத்தவில்லை. விரலை நாக்கில் தொட்டுப் பலகையின் ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரு சாம்பல் புள்ளியில் வைத்தாள். அது ஊதாவாயிற்று. தங்கள் நாட்டில் அப்படி ஒரு பென்சில் உண்டு, காய்ந்திருந்தால் சாதாரணப் பென்சில், ஈரம் பட்டால் மை என்று யாரையும் பார்க்காமல் மெதுவாக இங்கிலீஷில் சொன்னாள். தண்ணீர் எங்கே என்று கேட்டாள். நான் என் வயிற்றைக் காட்டினேன்.

மாமி தரையில் அப்படியே உட்கார்ந்து என் தாடையைப் பிடித்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். என் நாக்கைப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் பார்த்தாள், தொண்டைவரை பார்த்தாள். தொலைத்த சாமானைக் கட்டிலுக்கடியில் தேடுகிறவர்கள் மாதிரி பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிறம் போய் நாலைந்து நாளாகிவிட்டது.

 பென்சில் போகாது என்று நினைத்தேன், ஏழு தடவை ஓதிவிட்டுத்தான் ஊற்றினேன் என்றாள் உம்மா. நான் அதையும் சொன்னேன். மாமியின் கை என் தாடையிலிருந்து நழுவியது. ஓதினாளா, உன் அம்மாவுக்கு இதைப் படிக்கத் தெரியுமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். எழுந்து உம்மாவின் இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லச் சொல்லு. ஒரு சொல், எதுவானாலும்."

உம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, நின்றது. புரியாத மொழி, பயந்த மனசு, எப்படி வரும்? கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள்: "ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரிதான் தொடங்குச்சு. கிஸிம். எல்லா வரியும் கிஸிம், கிஸிம்னுதான்."

மாமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு எழுத்து தெரியாது, எந்த மொழியிலும். பிறகுதான் எனக்குச் சொன்னாள். கிஸிம் என்றால் 'என் மகளே'. பலகையில் இருப்பது குலத்துப் பெரியவர்களின் பெயர்வரிசை அல்லது துஆ என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவர் ஒவ்வொரு வரியிலும் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அது தெரிந்ததும் அன்றுதான். மற்றது எல்லாம் போய்விட்டது என்று தெரிந்ததும் அன்றுதான்.

உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கடுதாசியா அது? நான் ஒங்க வாப்பாக்கு எழுதுவனே, அத மாதிரியாளா?" என்று என்னையே கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? எனக்கு இன்றுவரை நம்ப முடியவில்லை. தன் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் புருஷனுக்கு அனுப்பியவள், இன்னொருவர் தன் மொழியை அதே எழுத்தில் எழுதி மகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஒருத்திக்குப் படிக்கத் தெரியும், ஒருத்திக்குக் கேட்டால் புரியும். இருவரும் ஒரு கோடை முழுக்க ஒரே அடுக்களையில் உட்கார்ந்து உப்புத் தேயிலை குடித்தார்கள். அந்த டேப் ரெக்கார்டர் அன்றும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருந்தது. உம்மா ஏழு தடவை ஓதியபோது நாலடி தூரத்தில் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் போதும்.

மாமி பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். கோபப்பட்டிருந்தால்கூட உம்மாவுக்கு ஆறியிருக்கும். அந்த வாரமே அறையைக் காலி செய்தாள். கிளினிக்கில் விசாரித்தபோது விசாவைக் கேன்சல் செய்துகொண்டு போய்விட்டாள், விலாசம் தெரியாது என்று வாப்பாவிடம் சொன்னார்கள். ஓமான் அல்வாவை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. அது எறும்பேறிக் கிடந்தது.

அவள் போன சில நாளில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மா குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். வாயிலிருந்து ஒரு வரி தானாக வந்தது. முதல் வரி. "கிஸிம், ஒகி தா யுவ்." ஏழு தடவை ஓதியது எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரக் கையோடு ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே புதிதாக வந்திருந்த மலையாளிப் பையன் கதவைத் திறந்தான்.

அடுத்த வரி வரவேயில்லை. கிடைத்ததையாவது காப்பாற்ற வேண்டும் என்று என்னை உட்காரவைத்து அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தாள். தினமும் படுக்கும் முன் சூராக்களோடு சேர்த்து அதையும் ஒப்பிக்க வேண்டும். "இது அமானிதம் புள்ளே. எனக்கு முடியாட்டி நீ குடுத்துரு" என்பாள். ஹஜ்ஜுக்குப் போனபோது கூட்டத்தில் அகலக் கன்னமுள்ள பெண்களை எல்லாம் நிறுத்தி அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாளாம். வாப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். மௌத்தாவதற்கு முன் ஊர் வழக்கப்படி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கேட்க முடியாத ஒருத்தியை நினைத்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதை நான் பார்த்தேன். தாங்கவில்லை.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். நான் இப்போதும் இந்த நாட்டில்தான் இருக்கிறேன், மூட்டு வலிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். அங்கே காலை மடக்கி நீட்டவைக்கிற பெண் புதிது. இருபத்தைந்து வயது, அகலக் கன்னம். எந்த ஊர் என்று கேட்டேன். ரஷ்யா என்றாள். ரஷ்யாவில் எங்கே என்று விடாமல் கேட்டேன். காஸ்பியன் பக்கம் என்றாள். நோகாய் தெரியுமா என்றதும் என் காலை அப்படியே விட்டுவிட்டாள். இந்த நாட்டில் அந்தப் பெயரை அவளிடம் யாரும் சொன்னதில்லையாம். அது தன் அம்மாவின் மொழி, தனக்குச் சாப்பிடு, தூங்கு என்கிற அளவுக்குத்தான் தெரியும் என்று இங்கிலீஷில் சொல்லிக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

நான் வரியைச் சொன்னேன். அவளுக்கு முதல் சொல் மட்டும் புரிந்தது. உடனே வீடியோவில் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். கைப்பேசியில் முக்காடு போட்ட ஒரு பெண், பின்னால் அடுப்பு. நான் மறுபடியும் சொன்னேன். முப்பது வருடம் தமிழ் வாயில் தேய்ந்த வரி. அந்த அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், இன்னொரு தடவை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளிடம் மெதுவாகப் பேசினாள். மகள் எனக்குச் சொன்னாள்.

"என் மகளே, படித்துவிட்டுக் கழுவிவிடு. அதுதான் அர்த்தம்னு அம்மா சொல்றாங்க."

கழுவிவிடு என்றா இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டேன்.

அம்மா மேலும் பேசிக்கொண்டே போனாள், மகள் துண்டு துண்டாகச் சொன்னாள். ஒரு காலத்தில் வீட்டில் அந்த எழுத்து அகப்பட்டால் எழுதியவர் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார். அதனால் தாளில் எழுத மாட்டார்கள். தன் தாத்தாவும் மாவுப் பலகையில்தான் எழுதுவார், காட்டுவார், கழுவுவார், அதன்மேல் மாவைப் பிசைவார்கள். பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

எல்லையைப் பற்றிப் பேசும்போது சிரிக்காத உப்பு மாமியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்த உம்மாவின் முகம் அதன்மேல் வந்து நின்றது. உம்மா செய்தது பலகையில் எழுதிய அந்த மனுஷர் சொன்னதைத்தான். அதில் பாதியை மட்டும். படிக்க வேண்டியவள் படிக்காமல் கழுவியாயிற்று. இதை உம்மாவிடம் சொல்ல முடியாது, மாமியிடமும் சொல்ல முடியாது. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் கைப்பேசியை என் பக்கம் இன்னும் நெருக்கிப் பிடித்தாள். அம்மா ஏதோ கேட்டாள்.

"அதுக்கு அடுத்த வரி என்னன்னு கேக்கறாங்க."

நான் வாயைத் திறந்தேன். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.